மாலை போட்டும் நிற்காத குடி: ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. கொத்தனார் வேலை. பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடவே மாட்டார். கழற்றிய வாரமே பழையபடி ஆகிவிடும். இந்த வருடம் மாலை போட்ட மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தார். தெய்வக் குற்றம் என்று ஊரில் சொன்னார்கள். மாமியார் மாலையைக் கழற்றச் சொல்லிக் கொஞ்சம் பிராந்தி கொடுத்ததும் அடங்கிவிட்டார். இப்போது காலையிலேயே குடிக்கிறார், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து வாங்கலாமா? அல்லது வேனில் வந்து தூக்கிப்போகும் மையத்தில் சேர்க்கலாமா? மகனுக்கு 15 வயது. அவனை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். தூக்கிப்போகும் மையமும் வேண்டாம். "இன்றோடு விட்டுவிடுங்கள்" என்று வீட்டுக்குள் வைத்துச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மருத்துவமனையில் படுக்கவைத்து நிறுத்த வேண்டிய கட்டத்துக்கு உங்கள் கணவர் வந்துவிட்டார். அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப்போங்கள்.

போதை மீட்புப் பிரிவு ஒன்றில் நெடுங்காலம் ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். நீங்கள் எழுதியிருக்கும் அந்த மூன்றாம் நாள் இரவை எத்தனையோ குடும்பங்களின் வாயால் கேட்டிருக்கிறேன். அது தெய்வக் குற்றமே இல்லை. மருத்துவத்தில் அதற்குப் பெயரும், கால அட்டவணையும், சிகிச்சையும் இருக்கின்றன.

மது மூளையை அமுக்கும் பொருள். தினமும் அமுக்கப்படும் மூளை, சமநிலைக்காகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. கதவை வெளியிலிருந்து ஒருவன் தள்ள, உள்ளே இருப்பவன் எதிர்த்துத் தள்ளுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்பவன் திடீரென்று விலகினால் உள்ளே இருப்பவன் வாசலில் வந்து விழுவான். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இன்னும் சிலருக்கு, இடம், காலம், ஆள் எல்லாம் குழம்பி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இந்தக் கடைசி நிலையை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள்.

எங்கள் பிரிவில் பஸ் ஓட்டுநர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரவு முழுக்க ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிறுத்தம் வரும்போது வலது காலால் பிரேக்கை மிதித்தார், பின்னால் திரும்பி "இறங்குங்க, இறங்குங்க" என்றார். தையற்காரர்கள் காற்றில் ஊசி கோப்பார்கள். செய்த தொழில் கையில் ஓடிக்கொண்டே இருக்கும். தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள். கிடைக்காவிட்டால் காய்ச்சல், நீரிழப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று உயிரே போகலாம். உங்கள் மாமியார் கொடுத்த பிராந்தியில் அவர் அடங்கியதற்குக் காரணம், மூளை கேட்டுக்கொண்டிருந்த பொருள் திரும்பக் கிடைத்ததுதான். அந்த அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் அடுத்த முறை அது போதாது, ஆஸ்பத்திரி வேண்டும்.

முந்தைய வருடங்களில் ஒன்றும் ஆகவில்லையே, இந்த வருடம் மட்டும் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். குடியின் அளவு கூடியிருப்பது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. சட்டென்று நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் திரும்பத் திரும்ப நடந்தால், ஒவ்வொரு தடவையும் மூளையின் கொந்தளிப்பு முன்னதைவிடக் கடுமையாக வரக்கூடும். ஆகவே "போன தடவை சமாளித்தாரே" என்ற கணக்கு இனி உதவாது. மருத்துவரைப் பார்க்கும் வரை பாட்டிலைப் பிடுங்கி ஊற்றுவது, அறையில் பூட்டி வைப்பது எதுவும் செய்யாதீர்கள். வலிப்பு வந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, இல்லாதது தெரிவதாகச் சொன்னாலோ, தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நெடுநாள் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் தையமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் சரியாகச் சேருவதில்லை. அந்த வைட்டமின் வற்றிய நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு கெடும், நடை தள்ளாடும், சிலருக்கு நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். மனநலப் பிரிவில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் "களைப்பாக இருக்கிறார், ஒரு பாட்டில் டிரிப் ஏற்றுங்கள்" என்று தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் குடும்பங்கள் பல, குடிப்பழக்கத்தை வெட்கத்தால் மறைத்துவிடுகின்றன. மறைக்காதீர்கள். எங்கே போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

அளவையும் மில்லியில் சொல்லுங்கள். 42.8 சதவீதச் சாராயச் சத்துள்ள பிராந்தி 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதாவது 60 கிராம். "பீர்தானே" என்பார்கள், 8 சதவீதம் உள்ள 650 மில்லி பீர் ஒன்றில் 40 கிராம், நான்கு 30 மில்லி பெக்குக்குச் சமம். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. அப்படியிருக்க உங்கள் கணவர் காலையில் குடிக்கிறார் என்றால், முந்தைய இரவே காலைக்கென்று வாங்கி வைக்கிறார், அல்லது கூடுதல் விலைக்குத் திருட்டு விற்பனையில் வாங்குகிறார். இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். திருட்டு விற்பனையில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கும் கலந்திருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். நாக்குக்கு அது தனியாகத் தெரியாது.

உள்ளே சேர்த்ததும், மூளையின் கொந்தளிப்பை அடக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரையை அதிக அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதற்கேற்ற மாத்திரையைத் தேர்ந்தெடுப்பார்கள். கூடவே தையமின் ஊசி, கல்லீரல் பரிசோதனை. இந்த மாத்திரையை வெளியே கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்கக் கூடாது. அதற்கே அடிமையாகலாம், குடியோடு சேர்ந்தால் மூச்சும் அடங்கலாம்.

இனி, கலந்து கொடுக்கும் மருந்து. "நோயாளிக்குத் தெரியாமல்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சிலர் மருந்துக் கடையிலேயே டைசல்ஃபிரம் மாத்திரை வாங்கி, பொடித்துக் குழம்பில் போடுகிறார்கள். மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு உடைந்து வெளியேறுகிறது. அந்த உடைப்பை இந்த மாத்திரை தடுத்துவிடும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். விஷயம் தெரியாதவர் வழக்கம்போலக் குடிப்பார் அல்லவா? அதுதான் ஆபத்து. ஒருநாள் அவருக்கு உண்மை தெரியவரும்போது, நீங்கள் வைக்கும் சோற்றையே சந்தேகப்படத் தொடங்குவார். குடிநோயாளிகளுக்கு மனைவிமேல் சந்தேகம் வருவது ஏற்கெனவே அதிகம்.

அதே மாத்திரை, அவர் அறிந்து சம்மதித்து, மருத்துவர் இதயத்தையும் கல்லீரலையும் சோதித்த பிறகு, தினமும் காலையில் உங்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் மிக நன்றாக வேலை செய்கிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் தாக்கம் நீடிக்கும் என்பதால், "இன்று குடிக்கலாமா" என்ற தினசரிப் போராட்டம் அவர் மனதில் குறைகிறது. குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு.

தூக்கிப்போகும் மையங்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நான்கு ஆட்கள் வந்து கையைக் கட்டி வேனில் ஏற்றுவது சிகிச்சையில் சேராது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பும் அடங்கும். அந்தச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். அவர் சம்மதிக்க இயலாத நிலையில் சேர்ப்பதற்கும் மருத்துவர்களின் தனித்தனிப் பரிசோதனை, காலவரம்பு, மேல்முறையீடு எல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. மனநல மருத்துவர் இல்லாத மையத்தில் முதல் வாரம் வலிப்பு வந்தால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. நல்ல மையங்களும் இருக்கின்றன. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த காலத்தில் அதை நோயாக நடத்திக் காட்டிய இடம். தனியார் மையம் எதையாவது பார்த்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நான் எப்போது வந்து அவரைப் பார்க்கலாம். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது மாலைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். முன்பெல்லாம் ஒரு மண்டலம் அவரால் குடிக்காமல் இருக்க முடிந்திருக்கிறது. "அப்படியானால் மனசு வைத்தால் முடியும், வேண்டுமென்றே குடிக்கிறார்" என்று உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த நாட்களில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று எண்ணிப் பாருங்கள். விடிவதற்குள் குளியல். நேரத்துக்குச் சாப்பாடு. மாலையில் பஜனை. பழைய கூட்டாளிகள் தாமாகவே விலகி நின்றார்கள். குருசாமி தினமும் விசாரித்தார். வீட்டில், வேலையிடத்தில், டீக்கடையில் எல்லோரும் "சாமி" என்று அழைத்தார்கள். வருடம் முழுக்க "குடிகாரன்" என்று கேட்ட காதுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். மனவுறுதி அவரிடம் இருந்தது உண்மை, ஆனால் அதைச் சுற்றி ஊரே ஒரு வேலி கட்டியிருந்தது. மாலையைக் கழற்றிய நாளில் வேலியும் போய்விட்டது.

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971-இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் மிகச் சிலரே முதல் ஆண்டில் மறுபடி அடிமையாகியிருந்தார்கள். போர்க்களம், கூட்டாளிகள், கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு எல்லாம் பின்னால் நின்றுவிட்டன என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். உங்கள் கணவருக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். அவர் மலைக்குப் போய்விட்டு அதே சாரத்துக்கும், அதே சனிக்கிழமைக் கூலிக்கும், அதே கடை வாசலுக்கும் திரும்பி வருகிறார்.

ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், அந்த வேலியைச் சாமானிய நாட்களுக்கும் கட்ட வேண்டும். சனிக்கிழமைக் கூலி முதல் சில மாதங்களுக்கு உங்கள் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வரட்டும். அவர் சம்மதத்தோடு, மேஸ்திரியிடம் அவரே சொல்லி. கூலி வாங்கும் நேரத்துக்கு நீங்களோ தம்பியோ போய் நில்லுங்கள். வேலை முடிந்து வீடு வரும் அந்த ஒரு மணி நேரம்தான் மிகக் கடினம். பசியும் அசதியும் சேர்ந்திருக்கும் உடம்பு குடியைத்தான் கேட்கும். வந்தவுடன் சாப்பிட ஏதாவது இருக்கட்டும். வேட்கை ஓர் அலையைப் போல ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கல்யாண வீடும் துக்க வீடும் முதல் வருடம் ஆபத்தான இடங்கள். போனால் தலையைக் காட்டிவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டும்.

பஜனைக் கூட்டம் கொடுத்த துணையை வருடம் முழுக்கத் தரக்கூடியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கியது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பள்ளி வகுப்பறையிலும் தேவாலய அறையிலும் தமிழிலேயே கூடுகிறார்கள். கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. அங்கே உட்கார்ந்து தன்னைப் போன்ற இன்னொரு கொத்தனார் பேசுவதைக் கேட்பது, நான் பேசும் பத்து ஆலோசனைகளைவிட வலியது. குடும்பத்தினருக்கு ஆல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. நீங்கள் போங்கள்.

முதல் மாதங்களில் அவர் தூங்க மாட்டார். எரிச்சல் இருக்கும். "குடிக்கும்போதே நன்றாக இருந்தார்" என்று உங்களுக்கே தோன்றும் நாட்கள் வரும். உடம்பு திரும்பி வர நேரம் பிடிக்கிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும், மூளை அதைவிட மெதுவாகத்தான் தேறும். இடையில் ஒருநாள் குடித்துவிட்டு வரவும் கூடும். அன்று இரவு சண்டை வேண்டாம், பேசினாலும் அவர் மனதில் நிற்காது. மறுநாள் காலை அதே பிரிவுக்கு அழைத்துப்போங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தைத் திருத்துகிறோமே தவிர, சிகிச்சை தோற்றது என்று சொல்வதில்லை. ஒன்றை மட்டும் கேட்டறியுங்கள்: குடிப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் என்ன நடந்தது? கடன்காரர் வந்தாரா, மேஸ்திரி திட்டினாரா, மாத்திரையை நிறுத்தினாரா? அடுத்த முறைக்கான முன்னெச்சரிக்கை அதில்தான் கிடைக்கும்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்காமல் விட முடியாது. அவர் அடிக்கிறாரா? அடித்தால், அவருடைய நோய் உங்கள் முதல் கவலையாக இருக்க வேண்டியதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள், ஓர் இரவு தங்கப் பாதுகாப்பான வீடு ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். குடி, அடிப்பதற்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. சிகிச்சையும் பாதுகாப்பும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

மகனைப் பற்றி. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுவோடு தொடர்புடையது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் அவனுக்கு ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். அதனாலேயே அது விதி ஆகிவிடாது. முதல் குடி எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து குறைகிறது. அவனை அப்பாவுக்கு வேவு பார்க்க வைக்காதீர்கள், தேடிக் கூட்டிவர இரவில் கடைக்கு அனுப்பாதீர்கள். அப்பாவுக்கு இருப்பது நோய், அது உனக்கும் வரக்கூடிய நோய், அதனால் மற்றவர்கள் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுபோல நீ தொட்டுப் பார்க்க முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். 15 வயதில் அது புரியும். உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலை, கஞ்சா, வலி மாத்திரை ஆகியவற்றையும் பெயர் சொல்லியே பேசுங்கள். படிப்பு திடீரென்று சரிவது, புதுக் கூட்டாளிகள், காசு காணாமல் போவது ஆகியவற்றைக் கண்டால் திட்டுவதற்கு முன் உட்கார்ந்து கேளுங்கள். அவனுக்கு உடம்பு அசரும்படி ஒரு விளையாட்டும், வீட்டுக்கு வெளியே நம்பிப் பேச ஓர் ஆசிரியரோ மாமாவோ வேண்டும்.

கடைசியாக, அவரை எப்படி அழைத்துப்போவது? அந்த மூன்றாம் நாள் இரவின் பயம் உங்களைவிட அவருக்கு அதிகம் இருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டார். போதை குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, "அன்றைக்கு நீங்கள் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள், நான் மிகவும் பயந்துபோனேன். அது சாமி கோபம் இல்லையாம், நோயாம், மருந்து இருக்கிறதாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பழைய கணக்குகளை அன்று எடுக்காதீர்கள். முடிந்தால் குருசாமியையும் உடன் அழையுங்கள். விரதத்தைப் பாதியில் விட்ட குற்றவுணர்ச்சியை அவரால்தான் இறக்கி வைக்க முடியும். மது அடிமைத்தனம் உள்ளவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மருத்துவமனை வரை வந்து சேர்வதே பெரும்பாலோருக்கு நடப்பதில்லை.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எத்தனை மில்லி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, அந்த இரவில் என்ன பார்த்தீர்கள், முன்பு வலிப்போ மஞ்சள் காமாலையோ வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு கிளம்புங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் மருத்துவரைப் பாருங்கள், அப்படி வரும் மனைவிமாரை நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. இன்று இரவே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.